கெடு வைத்த அதிகாரமும் கெடு வைக்காத அதிகாரமும்

2022 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து ஓர் அவசரச் சட்டம் வந்தது. அமைச்சரவை பரிந்துரைத்தது, ஆளுநர் கையெழுத்திட்டார். அக்டோபர் 17-ஆம் தேதி சட்டப்பேரவை கூடியது. 19-ஆம் தேதி அதே பொருளில் மசோதா நிறைவேறி ஆளுநருக்குப் போனது. பேரவை கூடி ஆறு வாரம் ஆனால் அவசரச் சட்டம் தானாகவே காலாவதியாகும் என்பது அரசியல் சாசனத்தின் 213-ஆம் பிரிவு. அதன்படி நவம்பர் 27-ஆம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்தது. மசோதாவோ ஆளுநர் மாளிகையிலேயே இருந்தது. 2023 மார்ச்சில் அது பேரவைக்குத் திரும்பி வந்தது, 23-ஆம் தேதி பேரவை அதை மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நடுவில் நான்கு மாதத்துக்கும் மேல் அந்தத் தடை நடைமுறையில் இல்லை.

பொருளும் ஒன்று, ஆளுநரும் ஒருவர், பேரவையும் ஒன்றுதான். அவசரச் சட்டத்துக்குச் சாசனம் ஆறு வாரம் என்று கெடு வைத்திருந்தது, மசோதாவுக்குக் கெடு வைக்கவில்லை. இந்திய அரசியல் சாசனத்தில் அதிகாரச் சமநிலை எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்க்க இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். கெடு எழுதப்பட்ட இடங்களில் ஏறக்குறைய எல்லாம் ஓடுகிறது. எழுதப்படாத இடங்களில்தான் ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு வழக்கு முளைக்கிறது.

சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் தனித்தனி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். சாசனத்தில் அப்படி ஒரு பிரிவைத் தேடினால் கிடைக்காது. நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அது நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்த முடியாத வழிகாட்டு நெறிதான். அமைச்சர்கள் சட்டமன்றத்திலிருந்தே வருகிறார்கள். அவசரச் சட்டம் போடும்போது நிர்வாகமே சட்டம் இயற்றுகிறது. கட்சித் தாவல் புகாரை விசாரிக்கும் சபாநாயகர் நீதிபதியின் வேலையைச் செய்கிறார். அதிகாரப் பிரிவினை இங்கே இறுக்கமாக இல்லை, ஆனால் பணிகள் போதுமான அளவு வேறுபடுத்தப்பட்டிருக்கின்றன என்று 1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரப் பிரிவினை, திருத்தத்தாலும் குலைக்க முடியாத சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்பது 1973-இன் கேசவானந்த பாரதி வழக்கிலிருந்து வருகிறது. அப்படியென்றால் சமநிலை என்பது நடைமுறையில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதுதான். யார் அதை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதில்தான் உண்மையான அதிகாரம் இருக்கிறது.

நன்றாக எழுதப்பட்ட கெடுவில் மூன்று அம்சங்கள் இருக்கும். எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது, முடிந்தால் தானாக என்ன நடக்கும். மூன்றாவதுதான் உயிர்நாடி. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் இரு அவைகளும் நிறைவேற்றியதாகவே கொள்ளப்படும் என்கிறது 109-ஆம் பிரிவு. மாநிலங்களவை உறுப்பினர்கள் பண மசோதாவை எவ்வளவு எதிர்த்தாலும் அதைக் கிடப்பில் போட வழியில்லை. அவையில் உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் பதவி தானாகப் போய்விடும். ராஜினாமா செய்துவிட்டு, தேர்ந்தெடுக்கப்படாமலேயே இன்னொரு ஆறு மாதத்துக்குப் பதவியேற்கும் தந்திரத்தைப் பஞ்சாபில் முயன்றார்கள். ஒரே பேரவைக் காலத்தில் அது செல்லாது என்று எஸ்.ஆர். சௌத்ரி வழக்கில் 2001-இல் அடைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், தேர்தலில் நிற்கவே தகுதி இழந்திருந்தவர் அந்த ஆறு மாதச் சலுகையைப் பயன்படுத்தி முதல்வராக முடியாது என்று ஜெயலலிதா நியமன வழக்கில் தீர்ப்பு வந்தது. கெடு இருந்ததால்தான் அதை ஏமாற்றுவது எது என்று நீதிமன்றத்தால் அடையாளம் காண முடிந்தது.

முடிவில் என்ன ஆகும் என்று சொல்லாத கெடுவும் சில இடங்களில் வேலை செய்கிறது. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்ததன் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் கடக்கக் கூடாது என்பது 174-ஆம் பிரிவு. கடந்தால் என்ன என்று அது சொல்லவில்லை. இருந்தும் 2024-இல் ஹரியானாவில் மார்ச் 13-க்குப் பிறகு பேரவை கூடாமல் ஆறு மாதம் முடியப்போன நேரத்தில், அதைத் தாண்டக் கூடாது என்பதற்காகவே செப்டம்பர் 12-ஆம் தேதி பேரவை கலைக்கப்பட்டது. தேதி எழுத்தில் இருந்தால் அதை மீற எந்த அரசும் தயங்குகிறது.

எல்லாக் கெடுகளிலும் வலியது மார்ச் 31. சட்டமன்றம் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்றாமல் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. ஏப்ரல் 1-ஆம் தேதி காலையில் ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனை மருந்தும் நிற்கும். தேர்தல் ஆண்டில் முழு பட்ஜெட்டுக்கு நேரம் இல்லாவிட்டால் சில மாதச் செலவுக்கு முன்பண மானியக் கோரிக்கை வைத்துச் சமாளிப்பார்கள், அதற்கும் அவையின் வாக்கு வேண்டும். இந்தக் கெடு நிர்வாகத்தை அவையின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது பாதிதான் உண்மை. அதே கெடு அவைக்கு எதிராகவும் திரும்புகிறது. நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாள் மாலையில், விவாதிக்கப்படாமல் மிச்சம் இருக்கும் அத்தனை துறைகளின் கோரிக்கைகளையும் ஒன்றாக வாக்கெடுப்புக்கு விட்டு முடித்துவிடுவார்கள். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். பல லட்சம் கோடி ரூபாய் ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் அந்த நிமிடங்களில் கடந்துபோகிறது. அமளியில் வீணாகும் ஒவ்வொரு நாளும் நிர்வாகத்துக்கே ஆதாயம் என்பதை எதிர்க்கட்சிகளும் கணக்கில் வைப்பதில்லை.

அவசரச் சட்டத்தின் ஆறு வாரக் கெடுவும் சோதனைக்கு ஆளானதுதான். பீகாரில் 1967-க்கும் 1981-க்கும் இடையே 256 அவசரச் சட்டங்கள் வந்தன. அதே காலத்தில் பேரவை இயற்றிய சட்டங்கள் 189. முறை எளிது: பேரவை கூடும்போது மசோதா கொண்டுவருவதில்லை, கூட்டத்தொடர் முடிந்ததும் அதே அவசரச் சட்டத்தை ஓர் எழுத்தும் மாறாமல் மறுபடி பிறப்பிப்பது. சில அவசரச் சட்டங்கள் 14 ஆண்டுவரை இப்படியே உயிரோடு இருந்தன. பொருளாதார ஆய்வாளர் டி.சி. வாத்வா அரசிதழ்களைப் புரட்டி இதைத் தொகுத்து வழக்குப் போட்டார். 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைச் சாசனத்தின் மீதான மோசடி என்றது. 2017 ஜனவரியில் கிருஷ்ண குமார் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் இறுக்கி, அவசரச் சட்டத்தை அவையின் முன் வைப்பதே கட்டாயம் என்றது. எண்ணக்கூடிய கெடு ஒன்று இருந்ததால், அரசிதழின் தேதிகளே சாட்சியாயின.

இனி கெடு இல்லாத இடங்கள். முதலாவது 200-ஆம் பிரிவு. பேரவை நிறைவேற்றிய மசோதா வந்ததும் ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்காக ஒதுக்கலாம். பண மசோதா அல்லாததைக் “கூடிய விரைவில்” திருப்பி அனுப்பலாம், பேரவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. குடியரசுத் தலைவருக்கான 111-ஆம் பிரிவிலும் அதே சொற்றொடர்தான் இருக்கிறது. சாசன வரைவில் அந்த இடத்தில் “ஆறு வாரத்துக்கு மிகாமல்” என்று இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அது “கூடிய விரைவில்” ஆனது. எண் இருந்த இடத்தில் தெளிவில்லாத சொல்லை வைக்கிறீர்களே என்று சபை உறுப்பினர் எச்.வி. காமத் அப்போதே ஆட்சேபித்தார். குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் பேச்சைக் கேட்டு நடப்பார்கள் என்ற நம்பிக்கையில் அந்தச் சபை எழுதியது. ஒரு கட்சி தில்லியிலும் வேறொரு கட்சி மாநிலத்திலும் ஆளும் நாட்களுக்கு அந்த நம்பிக்கை போதவில்லை.

கெடு இல்லாமையை முதலில் பெரிய அளவில் காட்டியது தில்லிதான், அதுவும் நல்ல காரியத்துக்கு. 1986-இல் தனியார் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்குப் பரந்த அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பதவிக்காலம் முடியும்வரை வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் 1990-இல் அதைத் திருப்பி அனுப்பினார், 2002-இல் மசோதா கைவிடப்பட்டது. கடித ரகசியம் காப்பாற்றப்பட்டது என்பதற்காக இந்த வழியை மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை எழுதி ஆறு வாரத்தில் திருப்பி அனுப்பியிருந்தால் நாடாளுமன்றம் வெளிப்படையாகப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். அமெரிக்காவில் அதிபருக்கு ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். கையெழுத்திடாமலும் திருப்பி அனுப்பாமலும் இருந்தால் மசோதா சட்டமாகிவிடும். அந்தப் பத்து நாளுக்குள் காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் மட்டும் மசோதா மடிந்துவிடும். அங்கே மௌனத்துக்கும் சட்டத்தில் ஓர் அர்த்தம் உண்டு.

தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 2020 முதல் 2023 வரை நிறைவேறியவை அவை, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. மாநில அரசு வழக்குப் போட்ட பிறகு 2023 நவம்பர் 13-ஆம் தேதி ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டுப் பேரவை பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இரண்டாம் சுற்றில் அப்படி ஒதுக்க இடமில்லை என்று சொல்லி, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142-ஆம் பிரிவின்கீழ் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்தது. கூடவே கெடுகளையும் எழுதியது. அமைச்சரவை ஆலோசனைப்படி நிறுத்திவைக்கவோ ஒதுக்கவோ ஒரு மாதம், ஆலோசனைக்கு மாறாக என்றால் மூன்று மாதம், மறுபடி நிறைவேறி வந்தால் ஒரு மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம். கையெழுத்து இல்லாமலேயே பத்துச் சட்டங்கள் தமிழ்நாடு அரசிதழில் ஏறின.

அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி கவாய் தலைமையில் ஐந்து நீதிபதிகள் 2025 நவம்பர் 20-ஆம் தேதி பதில் தந்தார்கள். சாசனத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது’ செல்லாது. அதே நேரம் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கவும் முடியாது. நீண்ட, விளக்கமில்லாத தாமதம் இருந்தால், நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒரு முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், எந்த முடிவு என்று சொல்லக் கூடாது. இந்தக் கருத்தை மாநில உரிமைக்கு விழுந்த அடி என்று மட்டும் படிப்பது சரியாகாது. ஒரு கிளையின் தாமதத்துக்கு மருந்தாக இன்னொரு கிளை சாசனத்தில் வரி சேர்க்கத் தொடங்கினால், நாளை அதே பேனா பேரவைக்கு எதிராகவும் எழுதும். ஆனால் நோய் அப்படியேதான் இருக்கிறது.

கெடு இல்லாத இரண்டாவது இடத்தில் பேரவையே தன் காலை வாரிக்கொள்கிறது. 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை கட்சித் தாவல் புகாரை முடிவு செய்யும் வேலையைச் சபாநாயகரிடம் தந்தது, காலம் சொல்லவில்லை. 2017-இல் தமிழ்நாட்டில் இரண்டு புகார்கள் ஒரே சபாநாயகர் தனபாலின் முன் இருந்தன. பிப்ரவரி 18-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரியபோது ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் முதல்வருக்கு ஆதரவை விலக்கி ஆளுநரிடம் கடிதம் தந்தார்கள். கடிதம் தந்தவர்களில் 18 பேர் செப்டம்பர் 18-ஆம் தேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள், ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேரின் விவகாரம் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய், சபாநாயகரே முடிவெடுக்கட்டும் என்று திரும்பி வந்தது. 2021-இல் பேரவையின் காலமே முடிந்துவிட்டது. நடுவில் அணிகள் இணைந்து, பன்னீர்செல்வம் துணை முதல்வராகவும் இருந்தார். இந்த இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கெடு இல்லாத அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேகமும் தாமதமும் இரண்டுமே அங்கே ஆயுதம்.

மணிப்பூரிலும் இதே கதைதான். காங்கிரஸில் ஜெயித்து பாஜக அரசில் அமைச்சரானவர் மீதான புகார் மூன்று ஆண்டு கிடந்தது. சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதும் நடக்காததால் மார்ச்சில் அவரை அமைச்சரவையிலிருந்தே நீக்கி, பேரவைக்குள் நுழையவும் தடை விதித்தது. 2025 ஜூலையில் தெலங்கானா புகார்களிலும் மூன்று மாதம் என்றே உத்தரவு வந்தது. சபாநாயகர் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறார் என்பதால் அவருக்குக் கெடு வைக்க முடிகிறது, ஆளுநருக்கு முடியவில்லை.

நீதிபதிகள் நியமனம் மூன்றாவது. மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பெயர் அனுப்புகிறது, மத்திய அரசு நியமன ஆணை தருகிறது. எத்தனை நாளில் என்று சாசனத்தில் இல்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு கால அட்டவணை சொன்னது: உளவுத்துறை அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம், அதன் பிறகு அரசுக்கு 8 முதல் 12 வாரம், கொலீஜியம் ஒருமனதாக மறுபடி வலியுறுத்தினால் 3 முதல் 4 வாரத்தில் நியமனம். கடைசிக் கெடுவும் தாண்டினால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை, அதனால் அது தாண்டப்படுகிறது. இங்கே வெறும் தாமதத்தைவிட ஆபத்தான ஒன்று உண்டு. ஒரே பட்டியலில் வந்த பெயர்களில் சிலரை முதலில் நியமித்து மற்றவரைப் பிறகு நியமித்தால் பதவிமூப்பு மாறிவிடும். எந்த உயர் நீதிமன்றத்திலும் மூத்தவர் யார், பின்னாளில் தலைமை நீதிபதி ஆகக்கூடியவர் யார் என்பது அந்தச் சில வாரங்களில் முடிவாகிவிடுகிறது. நீதித்துறையும் தன் பங்குக்குக் கெடு இல்லாமல்தான் இயங்குகிறது. 2016 நவம்பரில் நடந்த பணமதிப்பிழப்பு செல்லுமா என்பதற்குத் தீர்ப்பு 2023 ஜனவரியில் வந்தது. அதற்குள் திரும்பப் பெற எதுவும் மிச்சமில்லை. 93-ஆம் பிரிவு “கூடிய சீக்கிரம்” தேர்ந்தெடுக்கச் சொல்லும் மக்களவைத் துணை சபாநாயகர் பதவியும், தம்பிதுரைக்குப் பிறகு, 2019 முதல் 2024 வரை முழு ஐந்தாண்டும் காலியாகவே இருந்தது.

கெடு இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையின் 1978 அரசியலமைப்பில் மசோதா நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி ஒரு வாரத்துக்குள் குடிமக்கள் உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும் என்றிருந்தது. நீதிமன்றம் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். சபாநாயகர் சான்றிதழ் இட்டுவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேட்க முடியாது. அவசர மசோதா என்று அமைச்சரவை முத்திரை குத்தினால் நீதிமன்றத்துக்கு 24 மணி நேரம், அதிகபட்சம் மூன்று நாள் என்று அப்போது இருந்தது. ஜனாதிபதி பதவிக்கான இரண்டு முறை வரம்பை நீக்கிய 18-ஆவது திருத்தம் 2010 செப்டம்பரில் அந்த வழியில்தான் கடந்தது. கெடு யாரை நெருக்குகிறது என்று பார்க்க வேண்டும். அதிகாரத்தை வைத்திருப்பவரை நெருக்கினால் சமநிலை, கேள்வி கேட்பவரை நெருக்கினால் நேர்மாறு.

எழுதாமல் விட்ட கெடுவைப் பின்னர் எழுதிய முன்னுதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. 1971 டிசம்பரில் போருக்காக அறிவித்த நெருக்கடிநிலை போர் முடிந்தும் 1977 மார்ச் வரை நீடித்தது, ஒருமுறை நாடாளுமன்றம் ஏற்றால் மறுபடி கேட்க வேண்டாம் என்றிருந்ததால். 44-ஆவது திருத்தம் அதை மாற்றியது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய ஒப்புதல், கிடைக்காவிட்டால் பிரகடனம் தானாக ஒழியும்.

200-ஆம் பிரிவுக்கும் இது முடியும். மாநிலங்களின் ஒப்புதல் கட்டாயம் என்று 368-ஆம் பிரிவு பட்டியலிடும் இடங்களில் 200 இல்லை. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டும் இருந்தால் போதும். எத்தனை மாதம் என்பதற்கும் மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த ஆணையங்களின் பரிந்துரைகள் தயாராக உள்ளன. ஒதுக்கப்பட்ட மசோதாவில் குடியரசுத் தலைவர் முடிவெடுக்க நான்கு மாதம் என்றது 1988-இன் சர்க்காரியா ஆணையம், ஆளுநருக்கு ஆறு மாதம் என்றது 2010-இன் பூஞ்சி ஆணையம். எண்ணை மட்டும் சேர்த்தால் 2021-இன் நீதிபதி நியமன அட்டவணையின் கதிதான் ஆகும். கெடு முடிந்தால் மசோதா சட்டமாகும் என்ற வரியும் சேர வேண்டும். அது வரும்வரை மாநிலங்களுக்கு மிஞ்சியிருப்பது 2025 நவம்பர் கருத்து திறந்துவைத்த சிறு வழிதான். தாமதம் நீண்டது, விளக்கமில்லாதது என்று மாநிலமே நிரூபிக்க வேண்டும். மசோதா அனுப்பிய தேதி, ஆளுநர் மாளிகை விளக்கம் கேட்ட தேதி, துறை பதில் தந்த தேதி, ஒவ்வொரு நினைவூட்டலின் தேதி என்று சட்டத்துறைக் கோப்பில் முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருக்கும் அரசின் மனுதான் நிற்கும்.